சான்று 5.3.2

நான் விரிவுரையாளர் அல்ல.
தர உறுதிப்பாட்டுப் பிரிவில்
கோப்புகளுக்கு இலக்கம் இடுகிறவள்.
பண்டாரவளையில் மார்கழி வந்தால்
காகிதமும் வியர்க்கும்.
அதனால் இரும்பு அலுமாரிக்குள்
நாற்பது வாற்று பல்ப் ஒன்று
இரவும் பகலும் எரிகிறது.
எங்கள் பட்டத்தின் தரத்தில்
பூஞ்சணம் பிடிக்காதது அதனால்தான்.

மீளாய்வுக்குப் பத்து நாள் இருக்கையில்
மூன்று வருடத்துக் கூட்டக் குறிப்புகளில்
ஒரே இரவில் கையெழுத்து விழுந்தது,
ஒரே நீலப் பேனையால்.
யோசனைப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்தது.
திறப்பை எங்கே வைத்தோம் என்று
இன்றுவரை தெரியாது.

ஒலுவிலில் இருந்து ஒருவர்,
மாத்தறையில் இருந்து ஒருவர்,
யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர்.
பெயின்ட் மணக்கும் அறையில்
ரோல்ஸ், பட்டீஸ், இஞ்சி போட்ட பிளேன்டீ.
பீடாதிபதி எகொடவத்த திரையில் காட்டினார்:
மாணவர் திருப்தி, ஐந்துக்கு நான்கு தசம் இரண்டு.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
ஒலுவில் பேராசிரியர் பரீனா மட்டும்
சால்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு
மூலப் படிவங்களைக் கேட்டார்.

மூலப் படிவங்களை யாரும் கேட்பதில்லை.
ஆறு வருடக் கட்டுகள்.
சுமந்துபோய் வைத்தேன், இன்னும் சூடாக இருந்தன.

வட்டமிட்ட இலக்கங்களை அவர் பார்க்கவில்லை.
கடைசியில் 'வேறு கருத்துகள்' என்று
ஒரு கோடு விடுவோமே, அதை வாசித்தார்.
விரலில் எச்சில் தொட்டு, ஒவ்வொன்றாக.
பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:
"தங்கச்சி, பூனாகலை கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலு ஐம்பது."

"வியாழன் புள்ளிவிபரவியல்?"

"ஐந்துக்கு முடியும், மேடம்."

ஆறு வருடம், ஆறு கையெழுத்து,
ஒன்று சிவப்பில், ஒன்று பென்சிலில்.
*பாடம் முடிய முன் பஸ் போயிரும்.*
வேறெதுவும் எழுதவில்லை அந்தப் பிள்ளைகள்.

"போக்குவரத்து எமது கற்கைநெறிக்கு வெளியே,"
என்றார் பீடாதிபதி, பணிவாகத்தான்.
அவர் பதில் சொல்லவில்லை.
வரவு இடாப்பை வாங்கினார்.
பெறுபேற்றுத் தாளை அதன் பக்கத்தில் வைத்தார்.
கடைசி மணித்தியாலத்தில்
கையெழுத்தில்லாத ஏழு பெயர்களும்
சித்தியடையாத ஏழு பெயர்களும்
ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.
'அடிப்படைக் கணித அறிவு போதாது' என்று
நாங்கள் எழுதியிருந்த காரணம்
மேசையில் பட்டீஸ் தட்டுக்கு அடியில் கிடந்தது.

பிறகு சுருக்க அறிக்கையைத் திருப்பினார்.
'கருத்துகள், பொருத்தமற்றவை: ஒன்று.'
வருடா வருடம், பொருத்தமற்றவை: ஒன்று.
அதைத் தட்டச்சு செய்தவள் நான்.
யாரும் சொல்லித் தரவில்லை அந்தச் சொல்லை.
எனக்கு அது தானாக வந்தது.
என் வீடு டிப்போவுக்குப் பின்னால்,
நடந்தால் நாலு நிமிடம்.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை வந்தது. தரம்: பி.
பாராட்டுகளில் ஒன்று:
மாணவர் கருத்துகள் முறையாகப் பேணப்படுகின்றன.
(பல்புக்குக் கிடைத்த பாராட்டு.)
பரிந்துரை பதினொன்று: நேர அட்டவணை.
செயற்றிட்டத்தில் அதற்கு எதிரே
பொறுப்பு: உபகுழு.
காலக்கெடு: தொடர்ச்சியானது.

உபகுழு இன்னும் கூடவில்லை.

ஆனால் ஒரு வியாழன்
ஜன்னலால் பார்த்தேன்.
நாலு முப்பத்தைந்துக்கே
விரிவுரை மண்டபக் கதவு திறந்தது.
அந்த ஏழு பேரும் குடையை விரிக்காமல்
மழையில் இறக்கத்தில் ஓடினார்கள்.
பின்னால் விரிவுரையாளர் தவபாக்கியம்
வாசலில் நின்று சுண்ணக்கட்டிக் கையால்
இன்னும் வேகமாய் என்று சைகை காட்டினார்.
மிச்ச இருபத்தைந்து நிமிடத்தைச்
சனிக்கிழமை காலையில் எடுக்கிறாராம்.

சுற்றறிக்கை இல்லை, அனுமதி இல்லை,
கூட்டக் குறிப்பில் ஒரு வரி இல்லை.
அடுத்த மீளாய்வுக்கு
இதை எந்த நியமத்தின் கீழ் வைப்பது?

அலுமாரியைத் திறந்தேன்.
பல்ப் எரிந்துகொண்டிருந்தது.
இலக்கமில்லாத கோப்பு ஒன்றை
அதன் பக்கத்தில், வெறுமையாகவே, வைத்தேன்.