வரிசை எண் ஏழு

ஒஸ்ட்ராவாவில், லிஃப்ட் நின்றுபோன ஒரு நவம்பர் காலை,
ஆறு மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார்
ஜப்தி அதிகாரி ஸ்கோபால்.
கையில் கிளிப் வைத்த அட்டை, மஞ்சள் ஸ்டிக்கர் சுருள்.

நான்கு மாதமாக அவர் மணியடித்தபோதெல்லாம்
நான் வீட்டில் இல்லாதவள்.
விளக்கணைத்து, ரேடியோவின் கழுத்தைத் திருகி,
கெட்டிலின் விசிலைத் துண்டால் அமுக்கி,
சமையலறைத் தரையில் மூச்சடக்கிக் கிடந்தவள்.
அன்று லிஃப்ட் ரிப்பேர்காரன் என்று நினைத்துக்
கதவைத் திறந்துவிட்டேன்.

தொலைக்காட்சி, ஒன்று. சலவை இயந்திரம், இரண்டு.
முன்சக்கரம் இல்லாத சைக்கிள், ஐந்து.
சக்கரமே இல்லையே என்றேன்.
சைக்கிள்தானே என்றார்.
ஏழாவதாக அவர் நிழல்
கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தது.

நிழல். அதுதான் தப்பாகிவிட்டது.
மேலிருந்து வரும் எதுவும் பருந்து,
க்னெட்லீக்கின் கணக்கில்.
பருந்தையே பார்த்தறியாதவன்.
போருபாவில் யார் வீட்டிலோ ஓர் இழுப்பறைக்குள்
முட்டை கிழித்துப் பிறந்தவன்.
ஆனாலும் ஓர் அமெரிக்கப் புல்வெளியின் வானம்
முழுசாக அவன் முதுகில் இருக்கிறது.

க்னெட்லீக் என்றால் மாவுருண்டை.
மூக்கு நுனி மேலே வளைந்த பன்றிமூக்குப் பாம்பு,
என் முழங்கை நீளம்கூட வராது.
முதலில் கழுத்தைத் தட்டையாக்கி
நாகமாக நடித்தான்.
ஓட்டை விழுந்த ட்யூப் போலச் சீறினான்.
பிறகு பாய்ந்தான், மூன்று முறை,
வாயை இறுக மூடிக்கொண்டு.
கண்ணாடியில் மூக்கு மோதும் சத்தம்:
டொக். டொக்.
டொக்.

ஸ்கோபால் ஓரடி பின்வாங்கினார்.
"கடிக்குமா?"
வாயை மூடிக்கொண்டு யார் கடிப்பார்கள், ஐயா?
பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
படையைக் கண்டு பாம்பு நடுங்குவதை
எவரும் பழமொழியாக்கவில்லை.

சீற்றம் செல்லாதென்று தெரிந்ததும்
கடைசிக் காசை எடுத்து வைத்தான்:
துடித்தான், புரண்டான், மல்லாந்தான்.
வாய் பிளந்து நாக்கு மரத்தூளில் விழுந்தது.
செத்து மூன்று நாளான வாடையைக்கூட
எங்கிருந்தோ வரவழைத்தான்.

"அடடா," என்று தொப்பியைக் கழற்றினார் ஸ்கோபால்.
உண்மையாகவே வருந்தினார், அதில் பொய்யில்லை.
பிறகு எழுதினார்.
உயிரோடிருக்கும் வளர்ப்புப் பிராணியைத் தொடமாட்டாராம்,
அது குடியிருக்கும் பெட்டியையும் தொடமாட்டாராம்.
"ஆனால் இது இப்போது வெறும் பெட்டி.
சூடு விளக்கோடு. ஏழு."

புல்வெளியில் உயிர் காத்த வித்தை
ஆறாவது மாடியில் வீட்டைப் பறிகொடுக்கிறது.
எழுந்திரு முட்டாளே.

கையை மேலிருந்து இறக்காமல்
பக்கவாட்டில், தரையோடு தரையாகக் கொண்டுபோனேன்.
அவனை மெல்லப் புரட்டி
வயிறு கீழே படும்படி வைத்தேன்.
உடனே மல்லாந்தான்.
மறுபடி புரட்டினேன்.
மறுபடி செத்தான், அவசர அவசரமாக,
செத்தவன் இப்படித்தான் கிடக்க வேண்டும் என்று
எங்கோ சட்டம் இருப்பதுபோல.

"பாருங்கள்," என்றேன்.
"பிணம் வைத்தபடி கிடக்கும்.
உயிருள்ளதுதான்
செத்தேன் செத்தேன் என்று அடம்பிடிக்கும்."

மூன்றாம் முறை அவரே செய்து பார்த்தார்,
கையுறையோடு, ஒற்றை விரலால்.
சிரிக்கவில்லை.
ஏழாவது வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார்.

கதவருகே நின்று,
"ஆகஸ்டில் ஒரு நாள்
உள்ளே கெட்டில் விசிலடித்ததே," என்றார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
அவரும் காத்திருக்கவில்லை.

ஐந்தாம் மாடி, நான்காம் மாடி, மூன்று.
காலடிச் சத்தம் கீழே கரைந்த பிறகு
க்னெட்லீக் தலையை மட்டும் தூக்கினான்.
கதவோரம் அசையாமல் நிற்கும் என்னை
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
இன்னொரு முறை செத்தான்.