கேட்டின் அகலம்

மூவாயிரம் ராண்டுக்குள் முடித்துவிடலாம் ஆன்ட்டி என்றாள்
வீடு விற்றுத் தரும் நிரோஷா படையாச்சி.
குதிகால் செருப்பைக் கழற்றாமலே
கூடம், அடுக்களை, குளியலறை என்று நடந்து,
வாங்க வருகிறவன் முதல் ஏழு நிமிஷத்தில்
மனசுக்குள் வாங்கிவிடுவான், இல்லை விட்டுவிடுவான்,
அந்த ஏழு நிமிஷத்தை மட்டும் மெழுகி வையுங்கள் என்றாள்.

மெழுகினேன்.
க்ளேர்வுட்டில் முப்பத்தோரு வருஷம் குடியிருந்த வீட்டுக்கு
முதன்முதலாகக் கணக்கு நோட்டு போட்டேன்.

பெயின்ட், இருபது லிட்டர், தள்ளுபடியில்: அறுநூற்று ஐம்பது.
பால் வெள்ளை இல்லை, முட்டையோட்டு வெள்ளை.
பால் வெள்ளையில் சமையல் புகை தெரியுமாம்.
கதவுப்பிடி நான்கு, பித்தளை மாதிரி: இருநூற்றுச் சொச்சம்.
கொல்லைக் குழாய்க்கு வாஷர்: ஆறு ராண்ட்.

ஆறு ராண்ட்!
ஒன்பது வருஷம் அந்தச் சொட்டுக்காக
பூபாலனோடு வாரம் ஒரு சண்டை.
சொட்டுக்குக் கீழே, யாரும் போடாத விதையில்,
இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது ஒரு மிளகாய்ச் செடி.
சொட்டு நின்ற ராத்திரி
எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விரிசல்தான் யாருக்கும் அடங்கவில்லை.
துறைமுகத்துக்குக் கன்டெய்னர் சுமந்து போகும் ஒவ்வொரு லாரியும்
எங்கள் சுவரைத் தொடாமல் தொட்டுவிட்டுப் போகும்.
பெக்கானி பகலில் பூசுவான்,
அது ராத்திரி வாய் திறக்கும்.
மூன்றாம் தடவை பூசிவிட்டு,
"மா, லாரியை நீங்கள் நிறுத்துங்கள், சுவரை நான் நிறுத்துகிறேன்"
என்று கரண்டியைக் கழுவினான்.
அந்த இடத்தில் மருந்துக்கடை காலண்டரை மாட்டினேன்.
இலவசம்.

பிறகு வண்டுக்காரர்.
மரத்தில் வண்டு இல்லை என்று சீட்டு இல்லாவிட்டால்
இந்தப் பக்கம் வீடு கைமாறுவது கஷ்டம்.
உத்தரத்தைத் தட்டித் தட்டி,
என் நெஞ்சில் குழல் வைத்த டாக்டரைவிட
நிதானமாகக் காது கொடுத்துக் கேட்டு,
சுத்தம் என்று எழுதித் தந்தார்.
பூபாலன் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இரண்டு நாள் தெருவில் திரிந்தார்.

ஞாயிறு முடியும்வரை மீன் குழம்பு கூடாது.
அவனில் ஒரு கிண்ணம் தண்ணீர், அதில் வனிலா எசன்ஸ்.
எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால்
வனிலா என்ன செய்யும் என்று கேட்டேன்.
கடல் காற்றுக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்றாள் நிரோஷா.

வேண்டுதல் பலித்தது. கடல் காற்றுதான்.
எல்லா பல்பும் எரிந்தன, பட்டப்பகலில்.
இஸ்திரி போட்ட சட்டையில்
உட்காரப் பயந்து நின்றார் பூபாலன்.

வந்தவன் ஒரே ஒருவன். கையில் டேப்.
கேட்டின் அகலத்தை அளந்தான்.
கேட்டிலிருந்து மாமரம், மாமரத்திலிருந்து பின்சுவர்.
தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று,
ஒரு நீள லாரி உள்ளே வர எப்படி வளைய வேண்டுமென்று
கையால் காற்றில் வளைத்துப் பார்த்தான்.
உள்ளே வாங்களேன் என்றேன்.
"வேண்டாம் ஆன்ட்டி, காலெல்லாம் மண்."
மரியாதை தெரிந்த பையன்.
கேட்ட விலைக்குப் பேரம் பேசவில்லை.
ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவனில் கிண்ணம் வற்றித் தீய்ந்து கிடந்தது.
நோட்டைக் கூட்டினேன்:
இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு.
அதற்குக் கீழே கோடு போட்டேன்.
பூபாலன் அன்றே போய் ஷாட் மீன் வாங்கி வந்தார்.

சாமான் ஏற்றிய காலையில்
நான்கு பிடிகளையும் அவர் கழற்றி
ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.
இடிக்கிறவனுக்குப் பிடி எதற்கு என்றார், நான் கேட்காமலே.
ஸ்பானரை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு
கொல்லைக்குப் போனேன்.
இடிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.
வாஷரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு
குழாயை மறுபடி முடுக்கினேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு சொட்டியது.

தண்ணீர் பில்
இந்த மாசம்வரை என் பேரில்தான்.