சுழி

பிஷ்கெக், ஓஷ் பஜாரின் பின்வாசல்.
முடிவெட்டும் யூசுப் மஷான்லோ
முகத்தைப் பார்ப்பதில்லை.
உச்சந்தலையைப் பார்த்தே சொல்லிவிடுவான்:
நீ உய்குர். நீ தாத்தார்.
நீ பாதி கொரியன், மீதியை மறைக்காதே.

தவறினால் காசு வேண்டாம் என்பான்.
பெரும்பாலும் வாங்கிவிடுவான்.

போன வாரம் ஒருத்தி
பாதி வெட்டிய முடியோடு எழுந்து போனாள்.
"உன்னைக் கேட்டேனா?"
அவ்வளவுதான் சொன்னாள்.
கடைத் துண்டு அவள் கழுத்தோடு போயிற்று.

இன்று மெலிஸ்.
டொக்மோக் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன், லாரி ஓட்டுகிறான்.
பெயர்கூட அங்கே இரவுப் பணியிலிருந்தவள் வைத்தது.
ஊருக்கு ஊர் முடிவெட்டிக்கொள்கிறான்,
வெட்ட ஒன்றுமில்லாதபோதும்.
நரினில் அவன் கசாக்.
கராகோலில் துங்கான்.
எல்லையில் ஒரு காவலன் எதுவும் சொல்லவில்லை,
பையைக் கொட்டு என்றான்.
அதுவும் ஒரு யூகம்தான்.

"சொல்லுங்க" என்று தலையைக் குனிகிறான்.

கத்தரி நிற்கிறது.
யூசுப் கண்ணாடியில்
முகத்தைப் பார்க்கிறான்.
நாக்கு நுனிக்கு வந்துவிட்ட சொல்லைச்
சீப்பில் சிக்கிய முடியோடு
தரையில் தட்டுகிறான்.

"இரட்டைச் சுழி" என்கிறான்.
"வேறொன்றும் தெரியவில்லை."

மெலிஸ் காசை நீட்டுகிறான்.
யூசுப் துண்டை உதறிக்கொண்டே இருக்கிறான்.