ஃபைன்

ரெட்கார் கடற்கரைச் சாலையில்
தெல்மா கார்பட்டுக்குக் காலை எட்டரைக்கு டியூட்டி.
மஞ்சள் மேலங்கி, இடுப்பில் சீட்டு அச்சடிக்கும் கருவி.
அது சூடேறினால் ரொட்டி கருகும் வாசம் வரும்.

இன்று ஃபைன் என்றது வானொலி.
அதாவது மழை இல்லை.
மழை இருந்தது.
குடை விரித்தால் வெட்கப்படவேண்டிய மழை,
மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற மழை.
அதற்கும் இங்கே அதே சொல்தான்.

முட்டி எப்படி என்று மேலாளர் ஃபோனில் கேட்டார்.
ஃபைன் என்றாள்.
படியிறங்கும்போது அது கதவுக்கீலாய்க் கத்துவது
அவருக்கு எதற்கு?

பதினொன்று நாற்பதுக்கு ஒரு பச்சை வேன்.
நேரம் முடிந்து ஒன்பது நிமிடம்.
கருவி சீட்டைத் துப்பி முடித்தபோது
மணலிலிருந்து ஓடி வந்தார் ஒருவர்,
கையில் காலி பிளாஸ்டிக் ஜாடி,
மிட்டாய்க் கடை ஜாடி மாதிரி.
கோட்டுக் கை இரண்டிலும்
புருவத்திலும்கூடச் சாம்பல்.
மாவு மில்லில் நைஸ் என்போமே,
அந்தப் பதம்.

காற்று திரும்பிவிட்டது என்றார்.
பாதிதான் கடலுக்குப் போனான்.

யார் என்று கேட்கவில்லை தெல்மா.
நீங்கள் சரியாக இருக்கிறீர்களா என்றாள்.
ஃபைன், ஃபைன் என்றார்,
இரண்டு தடவை,
ஒன்று போதாது என்பதுபோல.

சீட்டை நீட்டவும் முடியவில்லை,
திரும்ப வாங்கிக்கொள்ளக் கருவிக்குத் தெரியாது.
பின்பக்கம் எறும்புக் கால் எழுத்தில் விதிகள்:
பதினாலு நாளுக்குள் கட்டினால் பாதி,
பழுதான வண்டிக்கு விலக்கு உண்டு,
கடன்காரக் காற்றுக்கு எதுவும் இல்லை.

அவர் வாங்கி, கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் படித்தார்.
பிறகு சிரித்தார், தோள் குலுங்க.
வண்டி இன்னும் லெனி பெயரில்தான் இருக்கிறது அம்மா,
என் தம்பி.
அறுபத்தோரு வருஷத்தில்
ஒரு ஃபைன் கட்டியதில்லை அந்தப் பயல்.
அனுப்புங்கள், அவனுக்கே அனுப்புங்கள்.

சீட்டை நாலாக மடித்து
ஜாடிக்குள் போட்டு
மூடியைத் திருகினார்.

தண்டம் என்று நாம் ஒரே சொல்லில்
அபராதத்தையும் சொல்கிறோம், வீணையும் சொல்கிறோம்.
நமக்கும் சொற்களுக்குப் பஞ்சம்தான்,
வேறு இடங்களில்.

மதியம் பேருந்து நிழற்குடையில்
முட்டை சாண்ட்விச்சும் குறுக்கெழுத்தும்.
இடமிருந்து வலம், பதினாலு:
'தெளிந்தது, மெலிந்தது, கட்டவேண்டியது. நான்கெழுத்து.'
ஃபேர் என்று பென்சிலால் எழுதினாள்.
வானம் ஃபேராக இருக்கலாம்,
கட்டுவது எந்த ஊரில் ஃபேர்?
தவிர, கடைசிக் கட்டத்திலிருந்து
கீழே இறங்கும் விடை முட்டை.
அது நிச்சயம், அவள் வாயிலேயே இருக்கிறது.
முட்டைக்கும் ஃபேருக்கும் ஒட்டவில்லை.

அழித்தாள்.
ரப்பர் தூளை ஊதப்போனவள்
காற்று எந்தப் பக்கம் என்று
முதலில் பார்த்துக்கொண்டாள்.

நான்கு கட்டமும் வெள்ளையாகவே கிடந்தன.
எதிர்ச் சாரியில் ஒரு சிவப்புக் கார்,
இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம்.
மெதுவாக எழுந்தாள்.
முட்டி ஏதோ சொன்னது.