மூக்கு வைத்த வண்டி

வெள்ளமடத்துப் பட்டறைச் சுவரில்
மூன்று முகங்கள் சாய்ந்து நிற்கின்றன.
ஒன்று தட்டை, பீரோக் கதவு மாதிரி.
ஒன்று உருண்டை, கவிழ்த்த குட்டுவத்தில் பாதி.
மூன்றாவது கூர்.
அதைப் பார்த்ததுமே ஆன்றோஸ்
"அணியம்" என்றான்.

குளச்சல்காரன்.
பதினெட்டு வருஷம் கடலைக் கிழித்து வந்தவன்.
முன்பக்கம் கூராக இல்லாத எதையும்
வாகனமென்று ஒப்புக்கொண்டதில்லை,
எங்கள் கல்யாணக் கார் உட்பட.

நான் முப்பந்தலில்
எண்பது மீட்டர் உயரத்தில் போல்ட் முறுக்குகிறவள்.
காற்றோடுதான் எனக்குச் சம்பளம்.
ஆடியில் அது என் ஹெல்மெட்டைத் தட்டி
உள்ளே யாரென்று கேட்கும்.

சாமான் ஏற்றும் டிரெய்லர்தான்.
பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம்.
அதற்குள் ஒரு கட்டில், ஓர் அடுப்பு,
வெட்டித் திறக்கப்போகும் ஜன்னல் ஒன்று.
எங்கள் பழைய பொலீரோ இழுக்கும்.
முதலில் ஹம்பி.
அப்புறம் டீசல் சொல்கிற ஊர்.

தாணுமாலயன் மேஸ்திரி தட்டைக் கட்சி.
"பத்தாயிரம் குறையும், பாத்துக்கிடுங்க.
அலமாரி நேரா நிக்கும்.
கூருன்னா அந்த முக்குல
தேங்காயத்தான் உருட்டி வைக்கணும்."

ஆன்றோஸ் என்னைப் பார்த்தான்.
காற்றுக்கு நான்தானே வக்கீல்.

உள்ளதைச் சொன்னேன்.
இங்கிருந்து கிளம்பினால்
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.
முகம் எதுவானாலும் அதற்குக் கவலையில்லை.
காவல்கிணற்றில் வடக்கே திரும்பினால்
விலாவில் குத்தும்.
விலாவுக்கு யாரும் மூக்கு வைப்பதில்லை.
திரும்பி வரும்போதுதான்
நேருக்கு நேர் நிற்கும்,
எங்கே போயிருந்தாய் என்று.

"அப்போ மூக்கு
வீட்டுக்கு வரத்தான் வேணும்" என்றான் ஆன்றோஸ்.
"வராமலே இருந்துட்டா பத்தாயிரம் லாபம்."
சிரித்தது மேஸ்திரி மட்டும்.

பிறகு சாக்பீஸ் எடுத்து
சிமெண்டுத் தரையில் கோடு போட்டார் அவர்.
தட்டை முகம். குறுக்கே கட்டில்.
படுத்துப் பார்க்கச் சொன்னார்.
ஆன்றோஸ் ஆறடி ஒன்று.
சுவர்கள் இரண்டு இரண்டு அங்குலம் தின்றது போக
அவன் குதிகால் கோட்டைத் தாண்டி
நெடுஞ்சாலைக்கு வெளியே கிடந்தது.
அடித்துப்போன நாய் மாதிரி என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.

உருண்டை.
தலையணை இரண்டும் எப்படி வைத்தாலும்
ஒன்று வழுக்கி விழும்.
அழித்தார்.

கூர்.
தலை அகலப் பக்கம், கால் முனைப் பக்கம்.
நான் வலது கோட்டை ஒட்டிப் படுத்தேன்.
அவன் இடது.
தோளுக்கும் தோளுக்கும் நடுவில்
ஒரு ஆள் படுக்கிற இடம்.
வீட்டிலும் அவ்வளவுதான்.
மூன்று வருஷமாக அந்த இடத்தில்
நாங்கள் துவைத்த துணியை மடித்துப் போடுகிறோம்.

கால் நீட்டினோம்.
கோடுகள் நெருங்கிக்கொண்டே போயின.
நெருங்க விரும்பிப் போகவில்லை, இரண்டு தகடு
ஒரு வெல்டிங்கில் முடிய வேண்டுமே, அதற்காக.
முனையில்
நான்கு பாதங்களுக்கு இரண்டு பாதத்துக்கான இடம்.
வின்ச் கயிறு விரல் ஒன்றைக் கொண்டுபோன
அவன் இடது கால்
என் காலின் மேல் ஏறி நின்றது.
ஐஸ் பெட்டிக் குளிர்.
இன்னும் போகவில்லையா அது?

எடுக்கவில்லை அவன்.
எடு என்று நானும் சொல்லவில்லை.
தலைக்கு மேலே தகரக் கூரை படபடத்தது.
மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர்,
தென்மேற்கு என்று
பழக்கத்தில் கணக்குப் போட்டேன்.

டீ கிளாஸோடு வந்து நின்ற மேஸ்திரி
எங்கள் காலடியைக் குனிந்து பார்த்தார்.
"என்னம்மா, அந்த முக்குல
தேங்கா வைக்கவாவது இடம் கிடக்கா?"

"இல்ல."

பத்தாயிரத்தைக் கூட்டி
ரசீதின் பின்பக்கம் எழுதினார்.
ஆன்றோஸ் எழுந்து போய்
பொலீரோவின் கொக்கியை ஆட்டிப் பார்த்தான்.
அவன் சட்டை முதுகில்
தட்டை முகத்தின் கோடு
பாதி அழிந்து ஒட்டியிருந்தது.
தட்டிவிட்டேன்.
முழுசாகப் போகவில்லை.