நூறு ஓட்டைக் குடங்கள்

தறிகள் நின்ற பிறகுதான் தெரிந்தது
அதுவரை நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம் என்பது.
சோமனூரில் மின்தடை. மணி பதினொன்று.
மடிக்கணினியில் இன்னும் நாற்பது நிமிட உயிர்.
துளசிமணி கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு
திரைக்கு முன்னால் வந்து குந்தினார்.

"இதுதான் என்ர மண்டைங்களா?"

இல்லைங்க, இது நூறு குடம்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை.
மேலே சொட்டும், கீழே கசியும்.
கசிவதைவிடச் சொட்டுவது கூடினால் ஏறும்,
கழுத்தைத் தொட்டதும் ஒரே கவிழ்ப்பு.
கவிழும்போது பக்கத்துக் குடங்களில்
ஒரு கை தண்ணீர் தெளிக்கும்.
பிறகு காலி, மறுபடி முதல் சொட்டு.
மொத்தக் கணக்கும் இரண்டு வரி.

சிரித்தார்.
பத்து நாளைக்கொருக்கா குழாயில் தண்ணி வரும் ஊரில்
வேண்டுமென்றே குடத்தை ஓட்டை போட்டவளைப்
பார்த்த சிரிப்பு.

ஓடவிட்டேன். திரையில் தூறல்,
அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி.
தெளிப்பை ஒரு பங்கு கூட்டினேன், பிறகு இன்னொரு பங்கு.
புள்ளிகள் நெருங்கின, வரிசை கட்டின.
நூறும் ஒன்றாய்க் கவிழ்ந்தன.
வெறுமை.
நூறும் ஒன்றாய்.
வெறுமை.

திரையில் சத்தமே இல்லை. அவருக்கு மட்டும் கேட்டது.
"ராத்திரி ஷிப்டுல எப்பவாச்சும்
இருவத்தி நாலு தறியும் ஒரே அடியா அடிக்குமுங்க.
டீ கிளாஸ் மேசை மேல நடக்கும்.
அப்பறம் தானா கலைஞ்சுரும்.
எனக்குக் கலையறதில்லீங்க, அதானே?"

அதேதான்.
ஒற்றுமையே பலம் என்று
பள்ளிக்கூடச் சுவரில் படித்து வளர்ந்தவள் நான்.
தலைக்குள் அது ஒரு நிமிடம் நீடித்தால்
ஆள் விழுந்துவிடுகிறார்.

"வாசம் எங்கீங்க?"
எந்த வாசம்?
"வர்றதுக்கு முந்தி பாவுக்கஞ்சி வாசம் அடிக்கும்.
கஞ்சி காய்ச்சாத அன்னிக்கும்."

இல்லை என்றேன்.
வாசம் இல்லை, உறக்கம் இல்லை,
எழுந்ததும் மகன் பெயர் அரைமணி நேரம்
வாய்க்கு வராதது இல்லை.

போன வருசம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன்.
பன்னிரண்டு வகை அணுக்கள், உப்பு நுழையும் வாசல்கள்,
மாதத்தின் நாட்கள், தூங்காத இரவுகள்.
பீளமேட்டில் கல்லூரிக் கணினி
மூன்று மாதம் விடிய விடிய உறுமியது.
அதுவும் விழுந்தது, அச்சு அசலாக.
ஏன் விழுந்தாய் என்று கேட்டால்
அதற்கும் தெரியவில்லை.
புரியாத தலை ஒன்று இருந்தது,
அதை இரண்டாக்கி வைத்திருந்தேன்.

அதனால்தான் குடத்துக்குத் திரும்பினேன்.
குடம் தப்பாய்ச் சொன்னால்
எந்த வரியில் என்று விரல் வைக்கலாம்.

"மாத்திரை எந்த வரீங்க?"
வைத்தேன், இரண்டாவது வரியில்.
இந்த ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கும், ஏறத்தாழ.
ஆறு வருசமாய் ராத்திரிக்கு இரண்டு விழுங்குகிறார்,
அது உள்ளே என்ன செய்கிறது என்று
யாரும் சொன்னதில்லையாம்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"அதான் மத்தியானத்துல
நெனச்சதெல்லாம் வடிஞ்சு போறாப்பல இருக்குதுங்களா?
டாக்டர்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னே தெரியாம
சோம்பல்னு சொல்லிட்டிருந்தேன்."

ஓட்டை பெருத்தால் எல்லாக் குடமும் மெதுவாகும்.
அந்த எண்ணை நூறு முறை பார்த்திருக்கிறேன்,
ஒருமுறைகூடப் படித்ததில்லை.
தறி ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
சோம்பல் அல்ல, வடிதல்.

மின்சாரம் வந்தது.
முதலில் மூலைத் தறி, பிறகு நாலாவது,
பிறகு எது எதற்குப் பின் என்று பிரிக்க முடியாத இரைச்சல்.
அறுந்த இழையை முடிச்சுப் போட எழுந்தவர்
பாதி வழியில் திரும்பிக் கத்தினார்:

"வாசத்துக்கு ஒரு கொடம் வெச்சுப் பாருங்!
ஒண்ணே ஒண்ணு! மேல போட்டுறாதீங்!"