கீழ்வீட்டு அரவை

கெய்ரோ, முகத்தம் மலையடி.
கீழே அரவை இயந்திரம், மேலே குடித்தனம்.

இரீனி மூடி திருகிக் கழற்றுகிறாள்.
நீலம் ஒரு சாக்கு, சிவப்பு ஒரு சாக்கு.
ஷாம்பு புட்டி ஒன்றில் இன்னும் நுரை.

அபனூப் அள்ளிக் கொட்டுகிறான்.
கடகடவென்று
ஒரு நகரத்தின் தாகம் முழுதும்
நொய்யாகி விழுகிறது.

போன வருஷம்வரை
விலைபோகாததைப் பாறைப்பள்ளத்தில் கொளுத்தினார்கள்.
புகை
கொடித்துணியில் ஏறித்
தலையணைவரை வந்தது.

இப்போது அதுவும் நொய்தான்,
கிலோக் கணக்கில் போகிறது.
மாடிக்கு வருவது அதிர்வு மட்டும்:
தேநீர்க் கோப்பை
தானே நகரும், ஒரு விரற்கடை.

மின்சாரம் போனது.
தெருவே கப்சிப்.

மேலே
வீறிட்டு விழித்துக்கொண்டது
கைக்குழந்தை.